பதினோராவது சர்வர்

அவள் தட்டச்சு செய்து கொடுத்தது பத்து எண்கள். சோதனை முடிந்ததும் திரையில் வரிசையாக நின்றவை பதினொன்று.

மதியம் இரண்டு மணி இருக்கும். காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்ததால் விளக்குப் போட்டும் அறைக்குள் வெளிச்சம் போதவில்லை. மேசை, நாற்காலி, மடித்து வைக்காத துணி குவிந்த கட்டில், வலப்பக்கச் சுவரை ஒட்டி நின்ற பழைய மர அலமாரி எல்லாவற்றின் மேலும் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறம் படிந்திருந்தது. மாடியிலிருந்த அந்தச் சின்ன அறைதான் அவளுடைய அலுவலகம். மூன்று வருடங்களாக ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறாள். அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்ததும் மருத்துவர்கள் ஒலிப்பதிவில் பேசிவிடுவார்கள்: எந்த எலும்பு எங்கே முறிந்தது, எந்த வெட்டு எவ்வளவு ஆழம், எது இன்னும் துடிக்கிறது, எது நின்றுவிட்டது. அதை ஹெட்போனில் கேட்டு, அறிக்கையாக அடித்து, இருபது நிமிடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும்.

இரண்டு வாரமாக அந்த இருபது நிமிடம் கழுத்தில் கத்தியாக நின்றது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் ஏழெட்டு விநாடி திரை வெறும் வெள்ளையாக இருக்கும்; பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மளமளவென்று திறந்துகொள்ளும். ஒவ்வொரு அறிக்கைக்கும் இருபது முப்பது பக்கம் திறக்க வேண்டும். முந்தின நாள் ஒரு அறிக்கை பதினொரு நிமிடம் தாமதமாகப் போயிற்று. கண்காணிப்பாளர் போனில் கத்தினாள். அவள் கத்தி முடித்ததும், “அந்த ஆளு பொழைச்சுட்டாராங்க?” என்று இவள் கேட்டாள். மறுமுனையில் போனை வைக்கும் சத்தம் கேட்டது. அன்று இரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் தம்பியிடம் புலம்பினாள். அவன் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன்.

“ஸ்பீடு எல்லாம் நல்லாத்தான்க்கா இருக்கு. உன் டிஎன்எஸ் சர்வர்தான் மந்தம்.”

“புரியற மாதிரி சொல்லுடா.”

“நீ ஒரு சைட்டோட பேரை அடிக்கற. மெஷினுக்குப் பேர் புரியாது, நம்பர்தான் புரியும். பேரைச் சொன்னா நம்பரைச் சொல்றதுக்குன்னே ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்னு வெச்சுக்கோ. அவன் கொட்டாவி விட்டுட்டு ஆற அமர சொன்னா, நீயும் வெள்ளைத் திரையப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.”

“அந்த ஆளை மாத்த முடியாதா?”

“அதுக்குத்தான் பத்து நம்பர் அனுப்பறேன். ஒரு சோதனை புரோகிராமும் அனுப்பறேன். ஓட விடு. எது சீக்கிரம் பதில் சொல்லுதோ அதைப் போட்டுக்கோ. மாப்பிள்ளை பார்த்தப்ப இப்படி ஒரு சோதனை வெச்சிருந்தா...”

“போனை வைடா.”

அந்தச் சோதனைதான் இப்போது முடிந்திருந்தது. பத்து எண்களுக்கு எதிரிலும் அவை பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் மில்லி செகண்டில் இருந்தது. பதினெட்டு. இருபத்திரண்டு. முப்பத்தொன்று. ஒன்று நூற்று நாற்பது, தூங்குமூஞ்சி. எல்லாவற்றுக்கும் கீழே அவள் கொடுக்காத எண்ணொன்று இருந்தது. அதற்கு எதிரே பூஜ்ஜியம்.

மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் பூஜ்ஜியம். புரோகிராமே தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தம்பியை அழைத்தாள், அவன் எடுக்கவில்லை. ஒலிப்பதிவுகள் வரிசையில் காத்திருந்தன. தம்பி காட்டிக் கொடுத்திருந்த இடத்துக்குப் போய், பழைய எண்ணை அழித்து, அந்தப் பதினோராவது எண்ணைப் போட்டாள்.

முதல் பக்கம் கண் இமைப்பதற்குள் திறந்தது. இரண்டாவது பக்கமும் அப்படியே. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வரிசையில் நின்ற நான்கு அறிக்கைகளை முக்கால் மணி நேரத்தில் முடித்துத் தள்ளினாள். தோளில் இரண்டு வாரமாக இறுகிக் கிடந்த முடிச்சு அவிழ்ந்தது. கண்காணிப்பாளருக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடலாமா என்றுகூடத் தோன்றியது. ஐந்தாவது அறிக்கையை ஏற்றுவதற்காக மருத்துவமனையின் பெயரை அடிக்கத் தொடங்கினாள். மூன்று எழுத்து அடிப்பதற்குள் பக்கம் திறந்துவிட்டது.

பழகிய பெயர், கணினி ஞாபகம் வைத்திருக்கிறது. அப்படித்தான் இருக்கும்.

அடுத்து அவளுக்கு ஒரு மருந்துப் பெயரின் எழுத்தில் சந்தேகம். அவள் இதற்கு முன் கேள்விப்படாத மருந்து. அதற்கான அகராதித் தளமும் அவள் இதுவரை போகாதது. விரலை விசைப்பலகை மேல் கொண்டுபோனாள். இன்னும் தொடவில்லை. திரையில் அந்தத் தளம் திறந்து நின்றது.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹெட்போனில் மருத்துவரின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. லாரி ஏறிய ஒரு காலைப் பற்றி அவர் களைத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு விட நிறுத்தும் இடைவெளிகளில் வேறொரு சின்னச் சத்தம் கேட்டது. ஒட்டிப்போன உதடுகள் பிரியும்போது வருமே, அந்த ஈரச் சத்தம். மருத்துவர் தண்ணீர் குடிக்கிறார் போல என்று நினைத்துப் பின்னால் ஓட்டிக் கேட்டாள். அதே இடத்தில் அந்தச் சத்தம் இல்லை. வேறொரு இடத்தில் இருந்தது. ஹெட்போனைக் கழற்றினாள்.

சத்தம் நிற்கவில்லை.

அது அறைக்குள் இருந்தது. வலப்பக்கம், அலமாரிக்குப் பின்னால். கூடவே, இத்தனை நேரம் அவள் கவனிக்காத ஒரு வாசனையும் அங்கிருந்து வந்தது: எண்ணெய் வைத்து நாள்பட்ட தலையும், துருப்பிடித்த தண்ணீர்க் குழாயும், நோயாளியின் வாயும் சேர்ந்தாற்போல. அவள் ஏதோ ஒரு தளத்தின் பெயரை அடித்தாள். அலமாரிக்குப் பின்னால் ஒருமுறை ஈரமாக உதடு பிரிந்தது, பக்கம் திறந்தது. இன்னொரு பெயர். மறுபடி ஒருமுறை உதடு பிரிந்தது. அவள் நிறுத்தினாள். அதுவும் நிறுத்தியது. காத்திருப்பதுபோல.

போன் அலறியதும் அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். தம்பி.

“மீட்டிங்ல இருந்தேன்க்கா. என்ன, புது மாப்பிள்ளை அமைஞ்சாரா?”

“டேய், நீ குடுத்தது பத்துதானே? எனக்குப் பதினொண்ணு வருது. கடைசிக்குப் பூஜ்ஜியம் காட்டுது.”

“பூஜ்ஜியமா? அதெப்படி? நம்பரைப் படி.”

படித்தாள். பின்னால் அவன் அலுவலகத்தின் சலசலப்பு மட்டும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். கதவு மூடியது. அவன் தனியிடத்துக்கு வந்திருந்தான்.

“அக்கா, அது வெளி நம்பர் இல்ல. வீட்டுக்குள்ள இருக்கற மெஷினுக்குத்தான் இந்த மாதிரி நம்பர் வரும். பூஜ்ஜியம்னா கம்பி வழியா, ரொம்பக் கிட்டக்க. உன் போன் வைஃபை, மாமா போனு, டிவி, எல்லாத்தையும் அணைச்சுட்டு மறுபடி பாரு. கால் கட் பண்ணாத.”

அவள் கீழே போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள். கணவர் போனோடு வேலைக்குப் போயிருந்தார். தன் போனில் வைஃபையை நிறுத்தினாள். மேலே வந்து சோதனையை ஓடவிட்டாள். படிக்கட்டு ஏறியதற்கு இவ்வளவு மூச்சு வாங்கக் கூடாது.

“இருக்குடா. அப்படியே இருக்கு.”

“சரி. ரௌட்டருக்குப் பின்னாடி எத்தனை கம்பி சொருகியிருக்கு?”

ரௌட்டர் மேசைக்கடியில் தரையில் கிடந்தது. அவள் மண்டியிட்டுக் குனிந்தாள். வெளியிலிருந்து வருவது ஒன்று. தன் கணினிக்கு ஒன்று. கீழே டிவிக்கு ஒன்று. நான்காவதாக ஒரு சாம்பல் நிறக் கம்பி, சுவரோரமாகப் பல்லிபோல ஒட்டிக்கொண்டு, அலமாரிக்குப் பின்னால் போயிற்று.

இந்த வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. அலமாரி வீட்டோடு வந்தது. அதன் பின்பக்கத்தை யாரும் பார்த்ததில்லை.

“மாமா எதாச்சும் இழுத்து வெச்சிருப்பாரோ?” தம்பியின் குரலில் நம்பிக்கை இல்லை.

“அவருக்கு லிஃப்ட் கம்பியத் தவிர வேற கம்பி தெரியாது.”

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. போனைத் தரையில் வைத்துவிட்டு, உள்ளே கையை விட்டுக் கம்பியைப் பிடித்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. பிசுபிசுத்தது. காய்ச்சல்காரக் குழந்தையின் விரலைப் பிடித்த மாதிரி இருந்தது. இழுத்தாள், சிரமமில்லாமல் ஒரு முழம் வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். ஏதோ தடுத்தது. இன்னும் அழுத்தி, கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தாள்.

மறுமுனையிலிருந்து யாரோ இழுத்தார்கள்.

முதலில் மெதுவாக. கேட்டுப் பார்ப்பதுபோல. அடுத்து, ஒரே இழுப்பு. அவள் நெற்றி அலமாரியின் விளிம்பில் மோதிப் பொறி பறந்தது. கம்பி உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. தோல் சுருண்டு மணிக்கட்டுவரை உரிந்தது. அவள் அலறியது அவளுக்கே கேட்கவில்லை. கம்பியை உதறிக் கையைப் பிடுங்கிக்கொண்டு மல்லாந்து விழுந்தாள். ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டியது.

“அக்கா! என்ன சத்தம்? அக்கா, வீட்டை விட்டு வெளிய போ. இப்பவே. நான் கெளம்பிட்டேன். அரை மணி நேரத்துல வந்துடுவேன். அக்கா!”

அவள் போனை எடுத்துக்கொண்டு ஓடினாள். தெருவில் வந்து நின்றபோதுதான் காலில் செருப்பில்லை என்று தெரிந்தது. எதிர் வீட்டு மதிலில் ஒரு பூனை தன்னை நக்கிக்கொண்டிருந்தது. சைக்கிளில் போன ஒருவர் அவள் கையைப் பார்த்துவிட்டு வேகம் குறைத்து, பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேகம் கூட்டிப் போனார். கணவருக்குப் போன் செய்தாள். “வீட்டுல யாரோ இருக்காங்க” என்று மட்டும் சொன்னாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில்தான் வேலையாக இருந்தார். கருவிப் பையைத் தோளில் மாட்டியபடி ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர் முதலில் அவள் கையைப் பார்த்தார். எப்போதும் சிரிக்கிற முகம் மாறிவிட்டது. கைக்குட்டையை எடுத்து இறுக்கிக் கட்டினார்.

“யாரு பண்ணா?”

சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வீட்டின் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

“அலமாரிக்குப் பின்னாடி ஆளா? அங்க பூனைகூட நுழையாதே டீச்சர்.” அவர் எழுதும் சீட்டுகளில் எல்லாம் அவள் பிழை திருத்துவதால் கல்யாணமான புதிதிலிருந்தே அவள் அவருக்கு டீச்சர்தான். “கம்பி எங்கயாச்சும் சிக்கியிருக்கும். நீ இழுத்த வேகத்துக்குத் திரும்பிச் சுண்டியிருக்கும். எங்க லிஃப்ட் ஷாஃப்ட்ல தெனம் நடக்கறதுதான்.”

“இல்லைங்க. இழுத்தாங்க. முதல்ல மெதுவா இழுத்துப் பார்த்தாங்க. போலீசுக்குப் போன் பண்ணலாங்க. தம்பி வரட்டும்.”

“மச்சான் வந்து என்ன பண்ணுவான்? சுவத்துக்குள்ள ஆள் இருந்தா நல்லதுதான், சீட்டாட ஒரு கை குறையுதுன்னு நெனச்சிட்டிருந்தேன். நீ இங்கயே நில்லு.”

அவள் நிற்கவில்லை. அவர் முதுகைத் தொட்டுக்கொண்டே படியேறினாள். இருபது வருடமாக இருட்டுக் குழிகளுக்குள் கயிற்றில் தொங்கி வேலை செய்த முதுகு அது. கிரீஸ் வாசனை வந்தது. அந்த வாசனைக்குப் பக்கத்தில் இருக்கும்வரை எதுவும் ஆகாது என்று அவள் உடம்பு நம்பியது.

அறை அவள் விட்டுப் போனபடியே இருந்தது. திரையில் மட்டும் இருபது முப்பது பக்கங்கள் திறந்து கிடந்தன. அவள் திறந்தவை அல்ல.

அவர் அலமாரியை ஒருபக்கமாகத் தள்ளினார். சுவரில் ஒரு செய்தித்தாள் அளவுக்கு ஒட்டுப்பலகை திருகி வைக்கப்பட்டு, மேலே சுவரின் நிறமே பூசியிருந்தது. ஸ்குரூடிரைவரால் ஒவ்வொரு திருகாகக் கழற்றிப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டார். வேலையில் அவர் வழக்கம் அது. பலகை விழுந்தது. பின்னால் ஒரே ஒரு செங்கல்லை எடுத்த அளவுக்கு ஓட்டை. சாம்பல் கம்பி அதற்குள் போயிற்று. வாசனை முகத்தில் அறைந்தது.

ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். “பக்கத்து வீட்டுச் சுவரு. நடுவுல ஒரு சாண் எடம் விட்டுக் கட்டியிருக்கானுங்க. எதோ பெட்டி மாதிரி தெரியுது. இரு.”

“கையை விடாதீங்க.”

“கம்பியக் கழட்டிட்டு மூடிடறேன். அவ்ளோதான்.”

வலது கையை முழங்கைவரை விட்டார். பிறகு தோள்வரை. கன்னம் சுவரில் அழுந்த, கண்ணை மூடிக்கொண்டு துழாவினார். திருகுகளை இன்னும் பல்லில் கடித்திருந்ததால் பேச்சு குழறியது.

“பெட்டி இல்ல. மெத்துன்னு இருக்கு.”

“எடுங்க கையை.”

“ஈரம். சூடா வேற... டீச்சர், இது பல்லு.”

அவர் கண் திறந்தது. வாயிலிருந்து திருகுகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

தோள் சுவரில் மோதியது. அவரே போய் மோதியதுபோல அவ்வளவு வேகம். அவர் கத்தவில்லை, மூச்சுதான் மொத்தமாக வெளியே வந்தது. இடது கையால் சுவரை உந்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவது இழுப்பு. உள்ளே ஏதோ காய்ந்த குச்சிபோல முறிந்தது. அப்போது கத்தினார்.

வலது தோள்மூட்டு நழுவல். அவள் தலைக்குள் விரல்கள் அறிக்கை அடித்தன. மேற்கை எலும்பு முறிவு.

அவள் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் இருவருமே சுவரோடு மோதினார்கள். ஓட்டையின் விளிம்பில் அவர் சட்டை கிழிந்தது. சட்டைக்கு அடியில் இருந்ததும் கிழிந்தது. சுவரில் ரத்தம் பூச்சுபோல வழிந்தது.

“சுத்தி. சுத்தியல எடு.”

எடுத்தாள். ஓட்டைக்குள் அவர் தோளுக்கு மேலிருந்த இடைவெளியில் கண்மண் தெரியாமல் குத்தினாள். சுத்தியல் மெத்தென்ற எதிலோ பதிந்தது. மறுபடி குத்தினாள். எலும்பு நொறுங்கியது. யாருடையது என்று தெரியவில்லை. உள்ளிருந்து வந்த ரத்தம் கறுப்பாகக் கெட்டியாக இருந்தது. இழுப்பு ஒரு கணம் தளர்ந்தது. அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

“விட்டுட்டுப் போ டீச்சர்.”

“மாட்டேன்.”

“போம்மா.”

நான்காவது இழுப்பு.

காரை எலும்பு. விலா எலும்புகள், இரண்டு முதல் ஒன்பது வரை. ஒரு செங்கல் அளவு ஓட்டை அது. ஓர் ஆணின் மார்பு அதற்குள் போகாது. போயிற்று. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதுபோல் அவர் உடம்பு குறுகி, முறிந்து, போயிற்று. அவர் தலை போகவில்லை. கொஞ்ச நேரம் போகவில்லை. பிறகு அதுவும் போயிற்று. அவள் பெல்ட்டைப் பிடித்திருந்தாள். உரிந்த கையில் பிடி நிற்கவில்லை. பெல்ட். முழங்கால். கணுக்கால். கடைசியில் அவள் கையில் மிஞ்சியது ஒரு ஷூ. அது சூடாக இருந்தது.

அறை அமைதியாகிவிட்டது.

எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஓடிவிடலாம் என்ற நினைப்பே வரவில்லை. அவர் உள்ளே இருக்கிறார். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. எழுந்தாள். சுத்தியலை இரண்டு கையாலும் பிடித்து ஓட்டையின் விளிம்பில் அடித்தாள். ஒற்றைச் செங்கல் சுவர். பழைய காரை. ஒரு கல் விழுந்தது. இன்னொன்று. அடித்தாள். நகம் பெயர்ந்தது. அடித்தாள். கதவு அகலத்துக்கு வழி பிறந்ததும் நிறுத்தி, தரையில் உருண்டு கிடந்த டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தாள்.

ஒரு சாண் இடைவெளி. அதில் ஆட்கள் நின்றார்கள்.

தோளோடு தோள் ஒட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், வெளிச்சம் எட்டும் தூரம்வரை நின்றார்கள். இரண்டு சுவருக்கும் நடுவே புத்தகத்தில் வைத்த இலைபோல நசுங்கித் தட்டையாகியிருந்தார்கள். டை கட்டிய ஒருவர். நைட்டி போட்ட ஒரு பெண். தபால்காரர் உடுப்பில் ஒருவர். சுத்தியல் பட்டு முகம் உள்வாங்கிய ஒரு கிழவர். தோல் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. சாம்பல் கம்பி ஒருவர் வாயோரம் நுழைந்து, காதோரம் வெளியேறி, அடுத்தவர் வாயோரம் நுழைந்தது. எல்லோருடைய கண்ணும் திறந்திருந்தது. எல்லோருடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது.

அவள் கணவர் நடுவில் நின்றார். அவர் மட்டும்தான் சிவப்பாக இருந்தார்.

“என்னங்க.”

உதடு அசைந்தது. உயிர் இருக்கிறது. அவள் செங்கல் குவியல்மேல் ஏறி நின்று, அந்தத் தட்டை முகத்தின் வாய்க்கருகே காதைக் கொண்டுபோனாள்.

“நான்தாங்க. டீச்சர்.”

அவர் சொன்னார். தெளிவாக, நிதானமாக, அவருடைய குரலிலேயே சொன்னார். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. நூற்று அறுபத்தெட்டு. இன்னும் இரண்டு எண்கள். அவள் தம்பிக்குப் படித்துச் சொன்ன அதே பதினோராவது எண்.

“டீச்சர்ங்க... உங்க டீச்சர்...”

அதே நான்கு எண்கள்.

கீழே வாசலில் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. படிக்கட்டில் ஓடிவரும் காலடிகள்.

“அக்கா!” தம்பி கூப்பிட்டான். “அக்கா, எங்க இருக்க?”

உள்ளே எல்லா உதடுகளும் நின்றன. எல்லாக் கண்களும், இரண்டு பக்கமிருந்தும், மெல்ல அவள் பக்கம் திரும்பின. பிறகு எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்து, தம்பியின் கேள்விக்குப் பதிலாக, ஒரே குரலில், அந்த நான்கு எண்களைச் சொல்லின.

அவள் கணவரின் கை, முறிந்த இடங்களில் எல்லாம் மடிந்து மடிந்து வெளியே வந்து, காயம் படாத இடமாகப் பார்த்து, அவள் மணிக்கட்டை மென்மையாகப் பற்றிக்கொண்டது. காரையில் தோல் உரசும் சத்தத்தோடு, ஒருவரை ஒருவர் நெருக்கியபடி அவர்கள் நகர்ந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டார்கள்.